தட்டின் அடியில் இரண்டு எண்கள்

பின்லாந்தில் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதி, என் தட்டு கிடைத்துவிட்டது என்று சொல்வதற்காக வருபவை. மே மாதத்தில் ஒருநாள் அப்படி ஒருவர் அழைத்தார். பேர் சொல்லவில்லை, சௌக்கியமா என்று கேட்கவில்லை. ஐந்தாவது கூடைக்கு முன்னாலிருக்கும் குளத்தில் இறங்கினேன், உங்கள் ஆரஞ்சுத் தட்டு கிடைத்தது, மரப்பாலத்தின் கைப்பிடியில் வைத்திருக்கிறேன் என்றார். நான் "கீத்தோஸ்" என்று நன்றி சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார். பனி உருகி இரண்டு வாரம்கூட ஆகாத தண்ணீர் அது. அதில் ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு இறங்கி, சேற்றைத் துழாவி, முன்பின் தெரியாதவர்களின் தட்டுகளை வாரி எடுத்து, அடியில் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்து வரிசையாக அழைத்திருக்கிறார். இதற்குக் காசு ஏதாவது வாங்குவாரா என்று தொழிற்சாலையில் விசாரித்தேன். அது அவருடைய பொழுதுபோக்காம்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் கோல்ஃப் என்று பேர். காட்டுக்குள் அங்கங்கே கம்பத்தில் ஒரு கூடை நிற்கும், அதன்மேல் இரும்புச் சங்கிலிகள் தொங்கும். தூரத்தில் நின்று கையளவு பிளாஸ்டிக் தட்டை வீச வேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். எத்தனை குறைந்த வீச்சில் கூடைக்குள் போடுகிறோமோ அத்தனை நல்லது. பதினெட்டுக் கூடை முடிப்பதற்குள் இரண்டு மூன்று மணி நேரம் காட்டில் நடந்திருப்போம். டிக்கெட் கிடையாது, காவலாளி கிடையாது. தாத்தாக்களும், பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் பெண்களும், மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு மரங்களுக்கு நடுவே தட்டு வீசிக்கொண்டிருப்பார்கள். எல்லாத் தட்டின் அடியிலும் பேரும் போன் நம்பரும் எழுதியிருக்கும். வந்த புதிதில் இந்த நாட்டில் எனக்குச் சட்டென்று புரிந்த ஒரே விஷயம் அதுதான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றிலும் அம்மாவின் பேர் வெட்டியிருக்கும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுத்தனுப்பினாலும் அந்த எழுத்தைப் பார்த்துத் திரும்பி வந்துவிடும்.

என் பேர் எஸ்தர். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நானும் அண்ணனும் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினோம். பிளாஸ்டிக் டிப்ளமோ படித்துவிட்டு, கார்களுக்கான மூடிகள் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் ஏழு வருடம் தரம் சோதிக்கும் வேலை பார்த்தேன். வித்தியாசமாக இருப்பதைக் கண்டுபிடித்து வெளியே தள்ளுவதுதான் வேலை. நூறு மூடி வந்தால் நூறும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று லேசாக வளைந்திருந்தால், விளிம்பில் பிசிறு இருந்தால், சிவப்புத் தொட்டி. அங்கிருந்து அரவை எந்திரம். பொடியாகிப் புது மூடியாக வந்தால்தான் அதற்கு மறுவாழ்வு. அந்தக் கண் எனக்கு இன்னும் போகவில்லை. சர்ச்சில் திருவிருந்து அப்பத்தைக் கையில் வாங்கும்போதுகூட வட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன், ஆண்டவர் மன்னிப்பாராக.

இரண்டு வருடத்துக்கு முன் இதே வேலைக்கு இங்கே ஆள் கேட்டபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. என் கணவர் அருள் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்தில் ரிக்கர். பெரிய பெரிய இரும்புப் பாகங்களைக் கிரேனில் மாட்டி, கீழே நின்று கைச்சைகையால் அதைத் தூக்கவும் திருப்பவும் இறக்கவும் வைப்பவர். "நீ போ எஸ்தரு, நான் பின்னாடியே வந்துடறேன்" என்று விமான நிலையத்தில் சொன்னார். அந்தப் பின்னாடி இரண்டு வருடமாக நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எப்போது வருகிறீர்கள் என்று கேட்பேன். "பாக்கலாம்" என்பார். நான் தட்டுகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எந்தத் தட்டை எடுத்தாலும் அதன் அடியில் இந்தக் கேள்விதான் கிடக்கிறது: நானும் அவரும் ஒரே ஊரில் வாழப் போகிறோமா இல்லையா.

இங்கே என் தொழிற்சாலை ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. எங்கள் ஷிப்டில் எந்திரங்களை ஓட்டும் ஹன்னாவுக்கு என் வயதுதான். முதல் ஆறு மாதம் அவள் என்னிடம் பேசியது மொத்தமாக ஒரு பக்கம் வராது. எந்திரம் நின்றாலும் "நோ நீன்" என்பாள், ஓடினாலும் "நோ நீன்" என்பாள், காபி குடிக்க எழுந்தாலும் அதேதான்; ‘சரி, ஆகட்டும்’ என்பதுபோல எதற்கும் பொருந்தும் சொல் அது. எங்கள் ஊர் கம்பெனி பஸ்ஸில் ஏறிய அரை மணியில் பக்கத்து சீட்டுக்காரியின் மாமியார் வரைக்கும் தெரிந்துவிடும். இங்கே பக்கத்து மேசைக்காரிக்குக் கல்யாணமாகிவிட்டதா என்பதே ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். அப்படிப்பட்டவள் ஒருநாள், சனிக்கிழமை தட்டு வீச வருகிறாயா என்று கேட்டாள். நான் அன்றைக்கே கடைக்கு ஓடினேன்.

அங்கேதான் என் ஏழு வருட அனுபவம் என்னைக் கவிழ்த்தது. தூரமாகப் போகும் தட்டுகளுக்கு டிரைவர் என்று பேர். ஒவ்வொன்றின் மேலும் எண்கள் அச்சிட்டிருக்கும், அதில் முதல் எண் வேகம். ஏழு, ஒன்பது, பதினொன்று என்று போய்ப் பதின்மூன்றுக்கு மேலும் இருந்தது. நம் ஆட்கள் காசு கொடுத்து வாங்கும்போது ஏழாம் எண் தட்டையா கேட்பார்கள்? பதின்மூன்றைக் கேட்டேன். கடைக்காரர் ஒரு பெட்டி நிறைய எடுத்து வைத்தார். கைப்பையிலிருந்து சின்ன எஃகு ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு தட்டின் மேலும் குறுக்கே வைத்துப் பார்த்தேன். சில லேசாக மேடு கட்டியிருந்தன. சில தட்டையாக இருந்தன. ஒரே அச்சில் வந்தாலும், அச்சுக்குள் ஆறும் நேரம் கொஞ்சம் மாறினால் இப்படித்தான் ஆகும். அதெல்லாம் எங்கள் தொழிற்சாலையில் சிவப்புத் தொட்டிக்குப் போகிற சரக்கு. கடைசியில் எடையிலும் உயரத்திலும் துளி வித்தியாசமில்லாத மூன்று மஞ்சள் தட்டுகளைத் தேர்ந்தெடுத்தேன்.

"மூன்றும் ஒன்றுதானே?" என்றார் கடைக்காரர்.

"ஆமாம், மூன்றும் ஒன்றுதான்" என்றேன் பெருமையாக.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு பில் போட்டார். அவர் கேட்டது கேள்வி என்பதும் நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன் என்பதும் எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

சனிக்கிழமை முதல் தட்டை முழு பலத்தோடு வீசினேன். கையை விட்டதுமே இடது பக்கம் சாய்ந்து ஒரு புதருக்குள் போனது. இரண்டாவதும் அங்கேதான் போனது. மூன்றாவதும் அங்கேதான். தரத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஹன்னா புதருக்குள் நுழைந்து மூன்றையும் எடுத்துவந்து என் கையில் கொடுத்து, "உனக்கு இது அதிகம். ஏழு போதும்" என்றாள்.

இதைப் படிக்கும் என் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல் எங்கே போய்த் தைத்திருக்கும் என்று தெரியும். உனக்கு இது போதும் என்பதை என் அப்பா எத்தனை களத்து மேட்டில் நின்று கேட்டிருப்பார். கூலி கேட்டாலும் போதும், பிள்ளை பத்தாவது படித்தாலும் போதும். அதைக் கேட்கவே கூடாது என்றுதானே இவ்வளவு தூரம் வந்தேன். கோபத்தில் அடுத்த வாரம் முழுக்க அதே பதின்மூன்றை வீசி வீசித் தோள்பட்டை வலியெடுத்ததுதான் மிச்சம். ஹன்னாவும் வாயைத் திறக்கவில்லை. சரி, இவளுக்கும் நம்மேல் கோபம் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை என் லாக்கரில் ஒரு தட்டு இருந்தது. நீல நிறம், விளிம்பெல்லாம் சிராய்ப்பு, மேலே அச்சு பாதி அழிந்திருந்தது, நடுவில் பல் பட்டதுபோல ஒரு பள்ளம். குறிப்பு எதுவும் இல்லை. எனக்கு முகம் சுண்டிப்போனது. பழைய புடவையையும் பழைய பாத்திரத்தையும் கொடுத்தனுப்பும் வீடுகள் எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்த அம்மாவின் முகமும் தெரியும். அந்தத் தட்டை எடுத்துக்கொண்டுபோய், அரவைக்கு வைத்திருந்த தொட்டியில் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. வளைந்த பிளாஸ்டிக்கைக் கண்டால் என் கை தானாகப் போகும் இடம் அது.

காபி இடைவேளை முடிந்து அரவை எந்திரத்தை ஓட்டப்போன ஹன்னா, வெள்ளைக் கழிவுகளுக்கு நடுவே நீலத்தைப் பார்த்துவிட்டாள். தோள்வரை கையை விட்டு அதை வெளியே எடுத்தாள். என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "நோ நீன்" என்று சொல்லிவிட்டுத் தட்டைச் சட்டையில் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் என்னைக் காரில் ஏற்றி மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். அவளிடம் அதே ரகத்தில், அதே அச்சில் வந்த புதுத் தட்டு ஒன்று இருந்தது. அதை முதலில் வீசினாள். நன்றாகத்தான் போனது, கடைசியில் இடது பக்கம் வளைந்து விழுந்தது. பிறகு நீலத்தட்டை வீசினாள். மரங்களுக்கு நடுவே இருந்த குறுகலான சந்தில், கயிறு கட்டி இழுத்ததுபோல நேராகப் போய்க் கூடைக்குப் பக்கத்தில் இறங்கியது.

"எட்டு வருடம்" என்றாள் ஹன்னா. "மரங்கள் செய்தது."

புதுத் தட்டு பிடிவாதம் பிடிக்கும் என்றும், மரத்திலும் பாறையிலும் அடிபட்டு அடிபட்டுத்தான் அது விட்டுக்கொடுக்கப் பழகும் என்றும், என்னைப்போல மெதுவான கைக்கு அப்படிப் பழகிய தட்டுதான் நேராகப் போகும் என்றும் அவள் விளக்க அரை மணி நேரம் ஆனது. நடுவே ஒரு முழுக் கூடையைப் பேசாமலே விளையாடினோம். புதிது வாங்கிக் கொடுக்க நினைத்தாளாம். ஆனால் அது இப்படி ஆக நான் எட்டு வருடம் காத்திருக்க வேண்டுமே என்று தன்னுடையதையே லாக்கரில் வைத்துவிட்டாள். இருந்ததிலேயே அவளுக்குப் பிடித்த தட்டு அதுதான். எனக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. மன்னித்துவிடு என்று மூன்று மொழியில் சொன்னேன். அவள் அதற்கும் "நோ நீன்" என்றாள்.

அதன்பிறகு நான் தட்டு வாங்கும் விதமே மாறிப்போனது. டிஸ்க் கோல்ஃபுக்குப் புதிதாக வரும் நம் ஆட்கள், குறிப்பாகத் தொழிற்சாலையிலிருந்து வருகிறவர்கள், இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். வேக எண் என்பது தட்டு தரும் வேகம் இல்லை. அது நம்மிடம் கேட்கும் வேகம். அதைக் கொடுக்கிற கை இல்லாவிட்டால் பதின்மூன்று சீக்கிரமே இடது பக்கம் சரிந்துவிடும், ஏழு அதைத் தாண்டிப் போய்விடும். இப்போது என் பையில் நாலு டிரைவர்கள் இருக்கின்றன. எடை குறைந்த ஏழு ஒன்று: முதலில் வலப்பக்கம் கொஞ்சம் விலகி, பிறகு நிமிர்ந்து வரும். காற்று முதுகில் அடிக்கும் நாளுக்கு அது. ஹன்னாவின் நீலத்தட்டு சந்துகளுக்கு. ஒன்பது வேகத்தில் ஆரஞ்சுத் தட்டு இரண்டு, ஒரே நாளில் ஒரே அச்சில் வந்தவை. ஒன்றின் முதுகு மேடு, மிதந்து போகும். இன்னொன்று தட்டையானது, மகா பிடிவாதம். எதிர்க்காற்று எந்தத் தட்டையும் வலப்பக்கம் தள்ளப் பார்க்கும்; பிடிவாதக்காரத் தட்டுதான் அதற்கு ஈடு கொடுக்கும். கடையில் இன்றும் ஸ்கேல் வைத்துத்தான் பார்க்கிறேன். முன்பு வித்தியாசமானதைத் தள்ளிவைக்கப் பார்த்தேன், இப்போது அதைத் தேடி எடுக்கப் பார்க்கிறேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

ஜனவரியில் லீவுக்கு ஊருக்குப் போனேன். பையில் தட்டுகளோடு அந்த மூன்று மஞ்சள் பதின்மூன்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டேன். அண்ணன் வீட்டில் எதற்காவது ஆகட்டும் என்ற எண்ணம்தான். தொழிற்பேட்டையில் ரோடு போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, இன்னும் கம்பெனி வராத மனைகள் ஏராளம் கிடக்கின்றன. தட்டு வீச அதைவிட நல்ல இடம் கிடையாது. அருளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் வீசிக் காட்டினேன். ஷிப்ட் முடிந்து போன ஒருவர் பைக்கை நிறுத்தி, "இன்னாக்கா, தட்டு பறக்குது, சோறு எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். மனைகள் முடிகிற இடத்தில் எங்கள் ஏரி. மழை முடிந்த சமயம், கலங்கல் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.

அருள் மஞ்சள் தட்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். "இன்னா, உன் வெளிநாட்டு நம்பர் மட்டும் எழுதிக்கினு கீற? இங்க உழுந்தா அந்த நம்பருக்கு யாரு போன் அடிப்பா? நம்ம நம்பரும் போடு." பேனாவை எடுத்து என் எண்ணுக்குக் கீழே அவர் எண்ணை எழுதினேன். மை காயக் கொஞ்ச நேரம் ஊதினார். அது உங்களுக்கு வேண்டாம், அந்தத் தட்டு யாருக்கும் நேராகப் போகாது என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. எத்தனை வருடம் இரும்புச் சங்கிலி இழுத்த தோள் அது. எனக்குத் தெரிந்த எந்த முறையிலும் சேராமல், உடம்பை ஒரு திருப்புத் திருப்பி வீசினார். கடல் பக்கமிருந்து காற்று எதிரே வந்துகொண்டிருந்தது. தட்டு அதன்மேல் ஏறி நேராகப் போனது, போய்க்கொண்டே இருந்தது, கோரையைத் தாண்டி, கொக்குகளைத் தாண்டி, ஏரியின் நடுவில் போய் விழுந்தது. நான் ஒரு வருடம் திட்டித் தீர்த்த தட்டு, தனக்கான கை கிடைத்ததும் அப்படிப் போயிற்று. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

அருள் கரையிலேயே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத வுட மாட்டேன். ஏரி வத்தட்டும். எட்த்துக்கினு நேரா உன் ஊருக்கு வரேன்."

உன் ஊர் என்றது எனக்குச் சுருக்கென்றது. ததும்பி நிற்கும் ஏரியைக் காட்டி வற்றட்டும் என்றதும் சுருக்கென்றது. பாக்கலாம் என்பதற்கு அவர் கண்டுபிடித்த புதுப்பேர் என்றுதான் பட்டது. "வரலன்னா வரலன்னு சொல்லிடுங்க. ரெண்டு வருஷமா என்ன எதுக்குப் பேஜாரு பண்றீங்க?" என்று கேட்டே விட்டேன். அவர் கரையில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தே பேசினார்.

"இங்க நான் கைய தூக்குனா அவ்ளோ பெரிய கிரேன் நிக்குது எஸ்தரு. மேல கீறவன் என் கைய மட்டுந்தான் பாக்குறான். அங்க வந்து நான் கைய தூக்குனா யாரு பாப்பா? பாஷையும் தெரியாம, உன் பின்னாடி பைய தூக்கினு நிக்கணும். அதான் பயம். வேற ஒண்ணுமில்ல."

அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நான்கு நாள் கழித்துத் தனியாகத்தான் விமானம் ஏறினேன்.

இங்கே வந்தால் ஊரே வெள்ளை. குளிரில் தட்டு கல்லாக இறுகிப்போகும், கையில் வழுக்கும், தூரமும் குறையும். அடியில் ஒரு ரிப்பனை ஒட்டி வீசினால்தான் பனிக்குள் புதைந்ததைத் தேடி எடுக்க முடியும். பிப்ரவரியில் ஹன்னாவோடு அப்படி வீசிக்கொண்டிருந்தபோது ஊரில் விடாமல் திரும்பக் கொண்டுவந்திருந்த மஞ்சள் பதின்மூன்று ஒன்றை வீம்புக்கு எடுத்தேன். வழக்கம்போல இடது பக்கம் போய் விழுந்தது. ரிப்பனைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடமாக அருளிடம் நான் கேட்டது இதைத்தான். வேலையை விட்டு, ஊரை விட்டு, ஒரேயடியாக வந்துவிடுங்கள் என்று எடுத்த எடுப்பில் பதின்மூன்று. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி கேட்டேன். "லீவு போட்டு ரெண்டு மாசம் வந்து இருந்துட்டுப் போங்க. புடிக்கலன்னா திரும்பிடுங்க."

"எப்ப?" என்றார் அருள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருடத்தில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

ஜூன் முதல் வாரம் வந்தார், ஆகஸ்டுக்குத் திரும்பும் டிக்கெட்டோடு. முதல் இரண்டு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, இங்கே மனிதர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை எங்கள் ஷிப்ட் ஆட்களோடு மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். ஒன்பதாவது கூடை ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வீசுகிறவருக்குக் கூடையும் தெரியாது, தட்டு எங்கே விழுந்தது என்பதும் தெரியாது. யாராவது மேட்டில் ஏறி நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்வது என்றால் இவர்கள் அங்கிருந்து ஏதோ முணுமுணுப்பார்கள், இங்கே ஒன்றும் கேட்காது. அருள் நான் சொல்லாமலே மேட்டில் ஏறினார். கால்களை அகட்டி நின்று ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கினார். மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள் போல. நில்லுங்கள் என்று அர்த்தம். கையை இறக்கி விரலைச் சுழற்றினார்: இப்போது வீசலாம். தட்டு போனதும் ஒரு கை இடது பக்கம் நீண்டது, உள்ளங்கை தாழ்ந்தது, முஷ்டி மூடியது. இடது பக்கம், பள்ளத்தில், நின்றுவிட்டது. காட்டுப்பள்ளியில் கப்பலின் பாகத்தை இறக்கும் அதே கைகள்தான்.

ஹன்னா என்னிடம் திரும்பி, "இவர் கிரேன் வேலையா?" என்று கேட்டாள். அவள் தம்பி தெற்கே கப்பல் தளத்தில் வேலை பார்க்கிறானாம், அவனுடைய கையும் இப்படித்தான் பேசுமாம். அன்றைக்கு எல்லாரும் ஒன்பதாவது கூடைக்கு அருளின் கையைப் பார்த்துத்தான் வீசினார்கள். பேச்சே பிடிக்காத இந்த ஊர்க்காரர்களுக்குப் பேசாமல் இவ்வளவு தெளிவாகச் சொல்லும் ஒருவரை ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டாவது வாரம் தொழிற்சாலையில் ஹன்னாவே எந்திரத்தை நிறுத்தச் சொல்லி முஷ்டியை மூடிக் காட்டினாள். வீட்டில் நான் அதைச் சொன்னேன். அருள் ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

மூன்றாவது சனிக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். ஐந்தாவது கூடைக்கு முன்னாலிருக்கும் குளத்துக்கரையில் நின்றிருந்தேன். எதிர்க்காற்று. ஆரஞ்சில் தட்டையான பிடிவாதக்காரியை எடுத்து, குளத்துக்கு வலது பக்கமாகக் குறிவைத்து வீசினேன். காற்று அதை இன்னும் தள்ளிக்கொண்டு போனது, பிறகு அது தன் வழிக்குத் திரும்பி அந்தப் பக்கப் புல்லில் இறங்கியது. அருள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத எண், நம் ஊர் எண், வீடியோ கால். எடுத்ததும் மஞ்சளாக ஏதோ திரையை மறைத்தது. அது விலகியதும் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது.

"ஏம்மா, எஸ்தருன்றது நீதானா? ஏரில நூறு நாள் வேலைக்கு மண்ணு வெட்டிக்கினு இருந்தோம், மம்முட்டில தட்டுப்பட்டுச்சி இது. கீழ கீற நம்பருக்கு அடிச்சா சுச் ஆப்புன்னுது. மேல கீற நம்பரு இன்னாமோ தினுசா கீதேன்னு எம் பொண்ணுதான் வீடியோ போட்டுக் குடுத்துச்சி. எங்கம்மா கீற நீ, பின்னாடி ஒரே காடா கீது?"

"பின்லாந்துல கீறேன்க்கா." இரண்டு வருடத்தில் இங்கே வெளியிடத்தில் நான் கீறேன் என்று சொன்னது அப்போதுதான்.

"அது எங்க கீது, ஆர்.கே.பேட்டைக்கு அந்தாண்டையா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "சரி, இது சோறு துன்ற தட்டா? ஓரம் கைய கிழிக்குது. எப்ப வந்து வாங்கிக்கிற?"

அருள் குளத்தைச் சுற்றிக்கொண்டு வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"அக்கா, அது என் தட்டுக்கா. வெச்சிருங்க."

"உன்துதானாப்பா? சரி, வெக்கறேன். நீ எப்ப வர, ஆடிக்கு வந்துருவியா?"

ஆடியில்தான் அவருடைய டிக்கெட்.

"இல்லக்கா. நான் தனியா வரல. வந்தா ரெண்டு பேருமாத்தான் வருவோம். அதுக்குக் கொஞ்ச நாளாவும்."

"ஆவட்டும் போ. அதுவரைக்கும் இதுல கோழிக்குத் தண்ணி வெக்கறேன். நீங்க வந்தீங்கன்னா கழுவித் தரேன்."

போனை என்னிடம் நீட்டிவிட்டு அருள் தன் தட்டை எடுத்துக்கொண்டு வீசப் போனார். டிக்கெட் என்ன ஆகும், வேலை என்ன ஆகும் என்று நான் எதுவும் கேட்கவில்லை. காதில் விழுந்தது எனக்குப் போதும். என்ன விஷயம் என்று ஹன்னா கேட்டாள். தொலைந்த தட்டு கிடைத்துவிட்டது என்றேன். எங்கே என்றாள். வீட்டில் என்றேன். அவள் என் வீடு இருக்கும் திசையைக் காட்டி, அப்படியானால் போகும் வழியில் எடுத்துக்கொள்ளலாமே என்றாள்.

அன்று சாயங்காலம் அந்த அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தார். மஞ்சள் தட்டு அவர் வீட்டு வாசலில் மல்லாந்து கிடந்தது. அது நிறையத் தண்ணீர். ஒரு வெள்ளைக் கோழி கழுத்தை நீட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அடியில் என் எழுத்தில் இரண்டு எண்களும் அழியாமல் தெரிந்தன.